கண் சிவந்தால் கலங்குவதா, கவனிப்பதா?

உடம்பில் எங்கே இரத்தத்தைக் கண்டாலும் மனிதன் பயப்படுவான். கண்ணில் கண்டால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். இரவு நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவரின் கண்ணின் வெள்ளையில், குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் சிவப்பு படர்ந்திருக்கும். அவருக்கு வலியும் இல்லை, பார்வையும் குறையவில்லை. கண்ணாடியில் பார்க்கும்வரை, அல்லது வீட்டிலுள்ளவர்கள் பார்த்து அலறும்வரை, அப்படி ஒன்று நடந்தது அவருக்கே தெரியாது. "கண்ணுக்குள்ள நரம்பு வெடிச்சிட்டு", "கண் போகப் போகுது", "கண்ணூறு பட்டிருக்கு" என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள்.

விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை என்பதால் ஒவ்வொரு தவணையிலும் யாராவது ஒரு மாணவி என்னிடம் இதைப்பற்றிக் கேட்பாள். ஒருத்திக்கு உம்மாவின் கண் சிவந்திருக்கும், இன்னொருத்திக்குத் தம்பியின் கண். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் மலையில் வேலை செய்யும் அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை ஒன்றாக எழுதிவைத்தால் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை.

வெள்ளை விழியின் மேல் ஒரு கண்ணாடித்தாள்

கண்ணின் வெள்ளைப் பகுதி உறுதியான ஓர் உறை. அதன்மேல் கண்ணாடித்தாள் போன்ற மிக மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. வைத்தியர்கள் இதை கொன்ஜங்டைவா என்பார்கள். இந்தச் சவ்வு கருவிழியின் விளிம்பில் தொடங்கி, வெள்ளையை மூடி, பின் மடங்கி, இமைகளின் உட்புறத்தையும் மூடுகிறது. அதாவது கண்ணுக்கும் இமைக்கும் இடையிலுள்ள வெளி ஒரு பை போல மூடப்பட்டது. கண்ணில் விழுந்த தூசு பின்னால் போய் மூளைக்குள் இறங்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துவது வெறும் பேச்சு.

இந்தச் சவ்வினுள் மயிரிழையை விட மெல்லிய குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று உடைந்தால் கசியும் குருதிக்கு வெளியே போக வழியில்லை. சவ்வுக்கும் வெள்ளை உறைக்கும் நடுவே பரவி நின்றுவிடும். ஒரு துளியே கசிந்திருந்தாலும், மெல்லிய தாளின் கீழ் சிந்திய மைபோல அகலமாகத் தெரியும். இதற்கு வைத்தியசாலையில் சொல்லும் பெயர் சப்கொன்ஜங்டைவல் ஹெமரேஜ். தமிழில் சவ்வடிக் குருதிக்கசிவு எனலாம்.

முழங்கையை இடித்துக்கொண்டால் தோலின் கீழ் குருதி கன்றி நீலமாகிறது. கண்ணில் மட்டும் ஏன் இத்தனை பளிச்சென்ற சிவப்பு? சவ்வு மிக மெல்லியது என்பதால் வெளிக்காற்றிலுள்ள ஒக்சிசன் அதனூடே புகுந்து, கசிந்த குருதியைத் தொடர்ந்து சிவப்பாகவே வைத்திருக்கிறது. எனவே பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இது, உண்மையில் முழங்கையில் கன்றிய காயத்தின் உடன்பிறப்புத்தான்.

கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி வில்லையான கோர்னியாவில் குருதிக் குழாய்களே இல்லை. இருந்திருந்தால் அதனூடே ஒளி தெளிவாகப் போகாது. அதனால் இந்தச் சிவப்பு கருவிழியின் விளிம்புவரை வந்து நின்றுவிடும். பார்வையைத் தொடாது. முதல் ஓரிரு நாட்களில் சற்று அகலமாகப் பரவுவதுபோல் தெரியும். பின் மங்கி, மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாரங்களில் மறைந்துவிடும். பெரிய கசிவானால் மூன்று வாரமும் ஆகலாம். இதற்கென்று மருந்து கிடையாது. லேசான உறுத்தல் இருந்தால் செயற்கைக் கண்ணீர்த் துளியை வைத்தியர் தருவார். சிவப்பைச் சீக்கிரம் போக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை.

ஏன் உடைகிறது?

பெரும்பாலும் காரணம் ஒரு திடீர் அழுத்தம். மூச்சை அடக்கி முக்கும்போதும், பலமாக இருமும்போதும், தும்மும்போதும், வாந்தி எடுக்கும்போதும் தலையிலுள்ள மெல்லிய குழாய்களில் அழுத்தம் ஏறும். மலைநாட்டில் இதற்குச் சந்தர்ப்பங்கள் ஏராளம். பனியும் தூறலும் மாறிமாறி வரும் மாதங்களில் வீட்டுக்கு வீடு இருமல். ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ்ஸில் வந்தவர்களைக் கேளுங்கள், எத்தனை வளைவுகளில் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள் என்று சொல்வார்கள். கொழுந்து மூட்டையையும் விறகுக் கட்டையும் தூக்குவதும் மலச்சிக்கலில் முக்குவதும் இதே வேலையைச் செய்யும்.

பிள்ளை பெற்ற தாயின் கண்ணிலும் பிறந்த சிசுவின் கண்ணிலும் இந்தச் சிவப்பைக் காணலாம். பிரசவத்தின்போது ஏற்படும் அழுத்தம்தான் காரணம். இரண்டு வாரத்தில் தானாக மாறும். பிள்ளையின் கண்ணில் தோஷம் என்று எதையும் ஊற்ற வேண்டாம். மருத்துவமாதுவிடம் காட்டினால் போதும்.

கண்ணைக் கசக்குவது இன்னொரு காரணம். ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் தூக்கத்திலேயே கசக்குவார்கள். சிலருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாது. வயது ஏற ஏற இந்தக் குழாய்களும் சவ்வும் தளர்வதால், முதியோரில் இது அதிகம்.

சிவப்பு சொன்ன செய்தி

எங்கள் வீடு டிக்கோயாப் பக்கம், கடையோடு சேர்ந்த வீடு. ஒருமுறை எங்கள் உம்மும்மாவுக்கு ஒரு கிழமையாக இருமல். ஒரு சுபஹு நேரம் அவருடைய இடது கண்ணின் வெள்ளை முழுவதும் சிவந்திருந்தது. உம்மா அழத் தொடங்கிவிட்டார். உம்மும்மாவோ, "எனக்கு ஒண்டும் நோகல்ல, நீங்கதான் கத்துறீங்க" என்று தேத்தண்ணீர் கேட்டார்.

வைத்தியசாலையில் வைத்தியர் கண்ணைப் பார்த்தது சில நிமிடங்கள்தான். இரண்டு கண்ணின் பார்வையையும் தனித்தனியே சோதித்தார். வெளிச்சம் அடித்தார். "கண்ணுக்கு ஒன்றுமில்லை" என்றார். பிறகு குருதியமுக்கம் பார்த்தார்: 190/110. அதன் பிறகுதான் அவருடைய முகம் மாறியது. உம்மும்மாவுக்குப் பிரஷர் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. தலைவலியோ மயக்கமோ எதுவும் இருந்ததில்லை. கண் இரண்டு வாரத்தில் வெளுத்தது. ஆனால் குருதியமுக்கத்துக்கான மருந்து அன்று தொடங்கியது, இன்றும் தொடர்கிறது.

கண்ணில் குருதி கசிந்த எல்லோருக்கும் பிரஷர் இருக்கும் என்பதல்ல இதன் பொருள். ஆனால் நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவருக்கு இப்படி வந்தால், அது குருதியமுக்கத்தையும் சீனியையும் பார்ப்பதற்குக் கிடைத்த நல்ல நினைவூட்டல். 140/90 என்ற அளவுக்கு மேலே தொடர்ந்து நிற்கும் குருதியமுக்கம் சத்தமில்லாமல் மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இவற்றை இலவசமாகச் சோதிக்கலாம்.

இதயநோய்க்காக அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோபரின் போன்ற குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் குடிப்பவர்களுக்கும் இந்தக் கசிவு இலகுவில் வரும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. கண்ணில் இரத்தம் என்று பயந்து மருந்தை விட்டால் இதயத்திலோ மூளையிலோ குருதி உறைந்துவிடலாம். வோபரின் குடிப்பவர் என்றால் கிளினிக்குக்குப் போய் குருதிப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்க்க வேண்டும். அடிக்கடி கசிந்தாலோ, முரசிலும் மூக்கிலும் சேர்ந்து இரத்தம் வந்தாலோ, தோலில் காரணமில்லாமல் கன்றினாலோ, குருதி உறைதலில் குறை உண்டா என்று பார்க்க வேண்டும்.

சிவப்பின் அளவு ஆபத்தின் அளவல்ல

இனி அடுத்த பக்கம். இதைத்தான் நான் முக்கியமாக எழுத விரும்பினேன்.

எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஒரு தோட்டத்து அண்ணன். கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். ஒரு நாள் கத்தி பட்ட தேயிலைக் குச்சி தெறித்துக் கண்ணில் உரசியது. கண் லேசாகத்தான் சிவந்தது. உம்மும்மாவின் கண்ணோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று அவர் போகவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தார். அதை விட்டதும் சிவப்புக் குறைந்தது, வலியும் குறைந்தது. நாலைந்து நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்டிக்கு அனுப்பினார்கள். கண்ணைக் காப்பாற்றினார்கள், ஆனால் அந்தக் கண்ணில் இப்போது நிழல்தான் தெரிகிறது.

நடந்தது இதுதான். குச்சி கோர்னியாவில் ஒரு கீறலை விட்டது. செடிகளில் வாழும் பங்கசு அந்தக் கீறல் வழியே உள்ளே போனது. மிச்சம் கிடந்த அந்த மருந்தில் ஸ்டெரொயிட் இருந்தது. ஸ்டெரொயிட் சிவப்பையும் வலியையும் அடக்கும், கூடவே கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். காவல்காரன் தூங்கிய வீட்டில் திருடன் புகுந்ததுபோல் பங்கசு பெருகிவிட்டது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990களில் செய்த ஆய்வொன்றில், கோர்னியாவில் புண்ணோடு வந்து, சோதனையில் கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காரணம் பங்கசு என்று தெரியவந்தது. அவர்களில் பலர் வயலிலும் தோட்டத்திலும் கண்ணில் அடிபட்டவர்கள். நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் நடந்த இன்னோர் ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகிறது. கண்ணில் கீறல் பட்டவர்களைக் கிராமத்துத் தொண்டர்களே சோதித்து, குளோரம்பெனிகோல் களிம்பு போட்டார்கள். காயம்பட்டு 18 மணிநேரத்துக்குள் களிம்பைத் தொடங்கிய எவருக்கும் கோர்னியாவில் புண் உண்டாகவில்லை என்று 2001இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. கண்ணில் குச்சியோ இலையோ பட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஒரு நாள் பேர் போனால் மறுமாதம் ஈடுகட்டலாம். கண் போனால் எந்தச் சம்பளத்தில் ஈடுகட்டுவது?

ஆகவே கண் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்ப்பதை விட, சிவப்போடு சேர்ந்து என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கண்மணி வட்டம் குலைந்திருத்தல், சீழ் வடிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெறும் குருதிக்கசிவு அல்ல. நடுவயதைத் தாண்டியவருக்குக் கடுமையான கண்வலியும் தலைவலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது கண்ணின் உள்ளமுக்கம் திடீரென ஏறும் குளுக்கோமாவாக இருக்கலாம். அதில் மணித்தியாலங்கள் முக்கியம். சுத்தியலால் இரும்பை அடிக்கும்போதோ கல் உடைக்கும்போதோ தெறித்த துண்டு, வெளியே ஒரு சிறு சிவப்பை மட்டும் காட்டிவிட்டு உள்ளே தங்கியிருக்கவும் கூடும். தலையில் அடிபட்ட பின் கண் சிவந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

காய்ச்சலோடு வரும் சிவப்பு

நமது நாட்டில் காய்ச்சலும் சிவந்த கண்ணும் சேர்ந்து வந்தால் இரண்டு பெயர்களை நினைக்க வேண்டும். ஒன்று டெங்கு. அதில் குருதிச் சிறுதட்டுகள் குறைவதால் முரசிலும் தோலிலும் சிலவேளை கண்ணிலும் குருதி கசியலாம். டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்குப் பெரசிட்டமோல் தவிர அஸ்பிரினோ இபுப்ரோபெனோ கொடுக்கக் கூடாது.

மற்றது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நிற்பவர்களைத் தாக்கும் இந்நோயில், சீழ் இல்லாமல் இரண்டு கண்ணும் செவ்வென்றிருக்கும். கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைகளில் தாங்க முடியாத நோவும் கூடவே வரும். 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவி, 7,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. வயலும் சுரங்கமும் உள்ள ஈரமான மாவட்டங்களில்தான் இது அதிகம். எனினும் கான் வெட்டுபவர்களும் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் கவனமாக இருப்பது நல்லது. சிவந்த கண் இங்கே கண்நோய் அல்ல, முழு உடம்பின் நோய்க்கு ஓர் அடையாளம்.

ஒருவரிடமிருந்து ஒருவருக்கு

காலையில் இமை ஒட்டிக்கொண்டு, பீளை வடிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் அது தொற்றுக் கண்நோய். லயத்தில் ஒரு காம்பராவில் தொடங்கினால் கடைசிக் காம்பராவரை போகும். வைரசால் வரும் ஒருவகைக் கண்நோயில் சவ்வின் கீழ் குருதியும் கசியும். அது முதன்முதலில் 1969இல் ஆபிரிக்காவின் கானா நாட்டில் பரவியது. அந்த ஆண்டுதான் அப்பலோ 11 விண்கலம் சந்திரனில் இறங்கியது. அதனால் அங்குள்ள மக்கள் இதற்கு அப்பலோ நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நோயுள்ளவரைப் பார்த்தாலே தொற்றிவிடும் என்பது பொய். கை, துவாய், தலையணை வழியாகத்தான் தொற்றும். எனவே கண்ணைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், துவாயைத் தனியாக வையுங்கள், பிள்ளையைச் சில நாள் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். வலி இல்லாத, பீளை இல்லாத வெறும் குருதிக்கசிவு யாருக்கும் தொற்றாது. அந்தப் பிள்ளையை வகுப்பில் தனியே இருத்தி வைக்கத் தேவையில்லை.

உறுத்தலும் எரிச்சலும்

சிவப்பு இல்லாமலே "கண் எரியுது, மிஸ்" என்று சொல்லும் மாணவிகள் இப்போது அதிகம். நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 தடவை இமைக்கிறோம். ஒவ்வோர் இமைப்பும் கண்ணீரைக் கண்ணின் மேல் மெல்லிய படையாகப் பூசிவிடுகிறது. தொலைபேசித் திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. கண் காய்ந்து எரிகிறது. 2020, 2021 ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது, சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறி, காற்றும் வெயிலும் அடிக்கும் இடத்தில் சிறிய திரையைப் பார்த்துப் பாடம் படித்த எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டு, இருபது அடி தூரத்திலுள்ள ஒன்றை இருபது செக்கன் பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். நம்மூரில் அதற்குப் பஞ்சமில்லை. யன்னலைத் திறந்தால் எதிரே மலைதானே!

விறகு அடுப்பின் புகை இன்னொரு பகைவன். புகைபோக்கி அடைத்த குசினியில் தினமும் மூன்று நேரம் சமைக்கும் தாயின் கண் ஏன் எப்போதும் கலங்கியிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. புகைபோக்கியைத் துப்புரவாக்குவதும் காய்ந்த விறகைப் பயன்படுத்துவதும் கண்ணுக்குச் செய்யும் வைத்தியம்தான். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியா போன்ற இடங்களில் வெயில் சுடாவிட்டாலும் அதன் புறஊதாக் கதிர்கள் தாழ்நிலத்தை விடப் பலமானவை. வெளியில் வேலை செய்பவர்களுக்கு அகன்ற தொப்பி நல்லது. கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும் மருந்து அடிப்பவர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

சுர்மா பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் விற்கும் சுர்மாக்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எதில் செய்தது என்று தெரியாத சுர்மாவைப் பிள்ளைகளுக்கு இட வேண்டாம். நோன்பு காலத்தில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாமா என்று குளுக்கோமா நோயாளிகள் தயங்கி மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. கண்ணுக்கு மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. சந்தேகம் இருந்தால் ஓர் ஆலிமிடம் கேளுங்கள், மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணில் ஊற்றக் கூடாதவை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா, தமது அல்கானூன் என்ற நூலில் இந்தக் குருதிக்கசிவை 'தர்ஃபா' என்ற பெயரில் விவரித்திருக்கிறார். கண்ணிலுள்ள குழாய்கள் வெடித்துக் குருதி தங்குவதுதான் இது என்று அவர் அன்றே சரியாகக் கண்டுகொண்டார். ஆனால் அக்கால மருத்துவத்தில் இதற்குப் புறாவின் இரத்தத்தைக் கண்ணில் விடும் வழக்கமும் இருந்தது. நோயை அறிந்ததில் அவரைப் பின்பற்றுவோம், புறாக்களை விட்டுவிடுவோம்.

நம் பக்கத்தில் தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, பன்னீர், தேன் என்று பலவற்றை ஊற்றுகிறார்கள். தானாக ஆறும் கசிவுக்கு இவற்றை ஊற்றினால், ஆறியபின் புகழ் பூச்சாற்றுக்குப் போகும். கோர்னியாவில் கீறல் உள்ள கண்ணில் ஊற்றினால் கிருமியும் சேர்ந்து போகும். திறந்து நான்கு வாரமான சொட்டு மருந்தையும் அடுத்தவருக்கு எழுதிய மருந்தையும் எறிந்துவிடுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அது பெரிய ஆபத்து. வைத்தியசாலைக்கு ஓடுவதற்கு முன் அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரை ஊற்றி, இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரமாவது கழுவுங்கள். தோட்டத்தில் அடிக்கும் மருந்து பட்டாலும் இதே முதலுதவிதான். ஆனால் கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் கழுவாதீர்கள், பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள். காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணில் அழுத்தாதபடி கவிழ்த்துக் கட்டி, உடனே கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

சொல்லப்படாத காயம்

எழுதாமல் விட முடியாத இன்னொரு காரணமும் உண்டு. சிவந்த கண்ணோடும் வீங்கிய கன்னத்தோடும் வரும் சில பெண்கள் "படியில விழுந்திட்டன்" என்பார்கள். கசக்கியதால் சிவக்கும் கண் வேறு, கை ஓங்கியதால் சிவக்கும் கண் வேறு. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அடிபட்ட கண்ணில் வெளிச் சிவப்பு மட்டுமல்ல, உள்ளே குருதி தேங்கியிருக்கலாம், விழித்திரை கிழிந்திருக்கலாம். வைத்தியரிடம் உண்மையைச் சொன்னால்தான் அவர் அதைத் தேடிப் பார்ப்பார். மறைத்தால் மானம் தப்பலாம், கண் தப்பாது. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய உதவி இலக்கங்கள் இருக்கின்றன. இவற்றைத் தெரிந்துவைத்திருங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

வைத்தியரிடம் என்ன சொல்வது?

மலைநாட்டில் தாய்மாரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது பெரும்பாலும் மகள்தான். அம்மா தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் வைத்தியருக்குச் சொல்வதும் அவளேதான். "கண் சிவப்பு" என்று மட்டும் சொன்னால் உம்மும்மாவின் கண்ணும் அந்த அண்ணனின் கண்ணும் ஒன்றாகிவிடும். எனவே புறப்படும் முன் இந்தக் கேள்விகளுக்கு விடை கேட்டுவையுங்கள்:

1. எப்போது தொடங்கியது? ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா?
2. வலிக்கிறதா, அல்லது வெறும் உறுத்தலா?
3. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் பார்த்தால் முன்பு போலவே தெளிவாகத் தெரிகிறதா?
4. வெளிச்சத்தைப் பார்க்க முடிகிறதா? பீளை வடிகிறதா?
5. ஏதாவது பட்டதா, தெறித்ததா, விழுந்ததா?
6. காய்ச்சல் உண்டா? வேறு எங்காவது இரத்தம் வருகிறதா?
7. பிரஷர், சீனி, இதயநோய் உண்டா? என்ன மருந்து குடிக்கிறார்? (மருந்து அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.)
8. கண்ணில் ஏற்கெனவே எதையாவது விட்டீர்களா?

இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறீர்கள். வலி, மங்கல், வெளிச்சம், குச்சி, நேற்று, இன்று என்பவற்றுக்கான சொற்களை இன்றே உங்கள் சிங்கள ஆசிரியையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு வராவிட்டாலும் ஒரு நாள் அவை ஒரு கண்ணைக் காப்பாற்றும்.

பெற்றோருக்கு ஒன்று மட்டும். வலியும் மங்கலும் இல்லாத சிவப்புக்குக் கலங்காதீர்கள். குருதியமுக்கத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். வலியோ மங்கலோ உள்ள கண் எவ்வளவு குறைவாகச் சிவந்திருந்தாலும் மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். பார்வை என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் பொறுப்பு நம்முடையது.